அது எயிட்-டிராக் இல்லை தம்பி, ஸ்டூடியோ கார்ட்

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். காலமான பெரியப்பாவின் கேரேஜைக் காலி செய்தபோது ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் டேப்புகள் கிடைத்தனவாம். பார்க்க அந்தக் காலத்தில் காரில் பாட்டு கேட்ட எயிட்-டிராக் டேப் மாதிரியே இருக்கின்றனவாம், மேலே ஒட்டிய சீட்டில் "மழை, நீளம்", "கதவு ஆறு தடவை", "ரயில் நிலையம்", "கூட்டம்", "மேளம், கல்யாணம்" என்று கையால் எழுதியிருக்கிறதாம். பெரியப்பா எண்பதுகளில் டர்பனில் வானொலி நாடகங்களுக்கு ஒலி போட்டவர் என்று வீட்டில் சொல்வார்களாம். எயிட்-டிராக் பிளேயரில் தள்ளிப் பார்த்தால் ஓடவில்லை. இவை என்ன, எப்படிக் கேட்பது, அப்புறம் கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில் நடிகர் "யாரது?" என்று கேட்பதற்குச் சரியாக முன்னால் கதவு தட்டும் சத்தத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள், இவைதான் கேள்விகள்.

நானும் டர்பனில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், இனிமேல் அதை எயிட்-டிராக் பிளேயரில் திணிக்காதீர்கள். அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அகலம் நாலு அங்குலம், நீளம் ஐந்தே கால் அங்குலம், அதனால் உள்ளே போய்விடும். ஆனால் எயிட்-டிராக்கில் டேப்பை அழுத்தி இழுக்கும் ரப்பர் உருளை பெட்டிக்குள்ளேயே இருக்கும். உங்களிடம் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் வட்டமாக ஓட்டை இருக்கும். அந்த ஓட்டை வழியாக மெஷினின் ரப்பர் உருளை கீழிருந்து எழும்பி வந்து டேப்பைப் பிடிக்க வேண்டும். எயிட்-டிராக் பிளேயரில் அப்படி எழும்ப எதுவும் இல்லை, அதனால்தான் ஓடவில்லை. ஓடாததும் நல்லதுக்குத்தான், ஓடியிருந்தால் பாதி வேகத்தில் இழுத்துச் சிக்கியிருக்கும். எயிட்-டிராக் வினாடிக்கு மூன்றே முக்கால் அங்குலம், இது ஏழரை அங்குலம்.

இதற்குப் பெயர் கார்ட். முழுப்பெயர் கார்ட்ரிட்ஜ்தான், ஸ்டூடியோவில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. எயிட்-டிராக்குக்கு இது தம்பி இல்லை, அண்ணன். முனையில்லாத டேப் சுருளை 1952 வாக்கில் ஓஹையோவில் பெர்னார்ட் கசினோ என்பவர் செய்தார். 1954-ல் ஜார்ஜ் ஈஷ் அதைக் கைக்கு அடக்கமான பெட்டிக்குள் வைத்தார், ஃபிடெலிபேக் என்று பெயர். 1959-ல் அமெரிக்க ஒலிபரப்பாளர் மாநாட்டில் காலின்ஸ் ரேடியோ கம்பெனி அதை ஓட்டும் ஸ்டூடியோ மெஷினைக் கொண்டுவந்து காட்டியது. அதன் பிறகுதான் மன்ட்ஸ் என்பவர் அதே பெட்டியைக் காரில் பாட்டு கேட்பதற்கு மாற்றினார், அதைப் பார்த்து பில் லியர் எயிட்-டிராக்கைச் செய்தார், 1966 மாடல் ஃபோர்டு கார்களில் அது வந்தது. அதாவது உங்கள் மாமா ஃபோர்டில் எயிட்-டிராக்கில் எம்.எஸ்.வி. கேட்டாரென்றால், அந்த நுட்பம் ரேடியோ ஸ்டூடியோவில் விளம்பரம் போடுவதற்காக வந்தது.

விளம்பரம்தான், சத்தம் இல்லை. கார்டை யாரும் இடி மழைக்காகக் கண்டுபிடிக்கவில்லை. முப்பது வினாடி சோப்பு விளம்பரத்தைப் பட்டனைத் தட்டியதும் ஓட வைக்க வேண்டும், முடிந்ததும் தானே நிற்க வேண்டும், மறுபடி தட்டினால் மறுபடி முதல் எழுத்திலிருந்தே வர வேண்டும், இவ்வளவுதான் தேவை. நாடகக்காரர்கள் பார்த்தார்கள், அடடா இது நமக்கல்லவா வேண்டும் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த அருமை புரியும். ஒலிகள் 78 சுற்று இசைத்தட்டில் இருக்கும். ஆபரேட்டருக்கு முன்னால் மூன்று நாலு டர்ன்டேபிள், ஒவ்வொன்றிலும் ஒரு தட்டு. குதிரைக் கனைப்பு எந்தப் பள்ளத்தில் இருக்கிறது என்று தட்டின்மேலேயே மஞ்சள் மெழுகுப் பென்சிலால் குறி வைத்திருப்பார்கள், ஊசியை அந்தக் குறியில் இறக்க வேண்டும், ஒரு பள்ளம் தள்ளி இறக்கினால் குதிரைக்குப் பதில் கோழி. ஒத்திகைக்கு ஒத்திகை ஊசி அதே இடத்தைத் தேய்க்கும், ஒலிபரப்பு நாள் வருவதற்குள் அமைதியான நள்ளிரவுக் காட்சியில் தட்டின் கரகரப்புதான் முதலில் கேட்கும். லண்டன் பிபிசியில் இந்த வேலைக்கென்றே தனி ஆள் இருந்தார்கள், பெரிய திறமைசாலிகள்.

டேப் வந்ததும் கரகரப்பு போனது, வேறொரு தொல்லை வந்தது. ரீல் மெஷினில் நூறு சத்தங்களை வரிசையாக வெட்டி ஒட்டி, நடுவில் ஒலி பதியாத, நிறமுள்ள லீடர் டேப் வைத்துவிடலாம், மேடை நாடகத்துக்கு அது அருமையான வழி. நம்ம ஊர் மண்டபங்களில் தமிழ் நாடகம் போட்டவர்களும் ரெவாக்ஸ் மெஷினை மேடை ஓரத்தில் வைத்து அப்படித்தான் செய்தார்கள். (சிக்ஸ்-ஃபுட், அதாவது நம்ம ஊர்த் தெருக்கூத்து, ஆடுகிறவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது, அவர்களுக்குத் தாளமும் மிருதங்கமும் கூடவே உட்கார்ந்திருக்கும்.) ஆனால் ரீலில் வரிசை மாறக்கூடாது. இயக்குநர் திடீரென்று "இடியை முதலில் போடு, அப்புறம் கதவு" என்றால் ரீலைச் சுழற்றித் தேடிக்கொண்டிருக்க வேண்டும். கார்டில் அந்தப் பிரச்சினையே இல்லை. ஒரு சத்தத்துக்கு ஒரு பெட்டி, சீட்டுக்கட்டைக் கலைப்பது போல எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடுக்கிக்கொள்ளலாம்.

இதே ஆசையில் ஆளுக்கொரு மெஷின் செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் ஐம்பதுகளில் டிவி நகைச்சுவைத் தொடர்களுக்குச் சிரிப்பு சேர்க்க ஒரு பெட்டி செய்தார். 32 டேப் வளையங்கள், ஒவ்வொன்றிலும் பத்துச் சிரிப்பு, டைப்ரைட்டர் மாதிரிப் பொத்தான்கள். பெட்டியைப் பூட்டியே வைத்திருப்பார், உள்ளே யாருக்கும் காட்டமாட்டார். மெக்கன்ஸி ரிப்பீட்டர் என்று இன்னொன்று, ஐந்து டேப் வளையங்கள் ஒரே மெஷினில், ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டன், அமெரிக்க டிவி ஸ்டூடியோக்களில் பல காலம் இருந்தது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது மெலோட்ரான். பாட்டுக்காரர்கள் அதை வயலின் சத்தம் தரும் ஆர்கன் என்று அறிவார்கள், ஆனால் பிபிசி அதைச் சத்தங்களுக்காக வாங்கியது. அறுபதுகளில் பர்மிங்ஹாமில் பிராட்லி சகோதரர்கள் செய்த மெஷின் அது. 35 கட்டைகள் கொண்ட கீபோர்டு இரண்டு, ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் பட்டை, அந்தப் பட்டையில் மூன்று டிராக், டிராக்குக்கு ஆறு இடம், ஆக ஒரு கட்டைக்குப் பதினெட்டுச் சத்தம். எழுபது கட்டைக்கும் கணக்குப் போட்டால் 1,260. கட்டையை அழுத்தினால் கார் புறப்படும், விரலை எடுத்தால் ஸ்பிரிங் டேப்பைப் பின்னால் இழுத்துவிடும், மறுபடி முதலிலிருந்து தயார். ஒரே குறை, எட்டு வினாடிக்கு மேல் எதுவும் ஓடாது. மழை எட்டு வினாடியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? ஆசைக்கு அருமை, வேலைக்குக் கார்ட்தான்.

சரி, கார்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம், ஏனென்றால் கடைசியில் நீங்கள் அதைத் திறக்கத்தான் போகிறீர்கள்.

உள்ளே ஒரே ஒரு சுழல்தட்டு. டேப்பின் இரண்டு முனைகளும் சேர்த்து ஒட்டப்பட்டிருக்கும். சுருளின் நடுவிலிருந்து டேப் வெளியே வந்து, பெட்டியின் முன்விளிம்பில் ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் தொட்டுக்கொண்டு போய், சுருளின் வெளிச்சுற்றில் மறுபடி சேரும். இப்போது யோசித்துப் பாருங்கள், தட்டு ஒரு தடவை சுற்றும்போது நடுவிலிருந்து சின்ன வட்டத்தின் அளவு டேப்தான் வெளியே வருகிறது, ஆனால் வெளிப்பக்கம் பெரிய வட்டம் சுற்ற வேண்டும். கணக்கு இடிக்கிறது இல்லையா? அந்த வித்தியாசம் தீர வேண்டுமானால் ஒவ்வொரு அடுக்கும் பக்கத்து அடுக்கின் மேல் ஓயாமல் வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத்தான் கார்ட் டேப்பின் முதுகில் கிராஃபைட் பூசியிருக்கும். அந்தக் கறுப்புத் தூள் உதிர்ந்து ஹெட்டிலும் உருளையிலும் அப்பிக்கொள்ளும், தினமும் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கிற வேலை இருக்கும், துடைக்காவிட்டால் மறுநாள் மழை கம்பளிக்குள்ளிருந்து பெய்யும்.

மெஷினில் மோட்டார் எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும், இதுதான் ரகசியத்தின் பாதி. கார்டைச் செருகினால் பச்சை விளக்கு எரியும், டேப் அசையாது. ஸ்டார்ட் பட்டனைத் தட்டினால் ஒரு காந்தம் ரப்பர் உருளையை டக்கென்று மேலே தூக்கி, ஏற்கெனவே சுழல்கிற தண்டின்மேல் டேப்பை அழுத்தும். மோட்டார் வேகம் பிடிக்கக் காத்திருக்க வேண்டியதில்லை, சத்தம் அப்போதே வரும். அந்த "டக்" நல்ல பலமாகக் கேட்கும், அதனால் நாடகம் நடிக்கும் மைக் அறைக்குள் கார்ட் மெஷினை வைக்கமாட்டோம்.

மீதிப் பாதி ரகசியம், யாருக்கும் கேட்காத ஒரு டிராக். கால் அங்குல டேப்பில் மோனோ கார்ட் என்றால் இரண்டு டிராக், ஒன்றில் சத்தம், இன்னொன்றில் கட்டளை. ஸ்டீரியோ என்றால் மூன்று. பதிவு தொடங்கும் கணத்தில் மெஷின் அந்தக் கட்டளை டிராக்கில் 1,000 ஹெர்ட்ஸில் ஒரு சின்னப் பீப் போட்டுவிடும். டேப் முழுவதும் சுற்றி வந்து அந்தப் பீப் மறுபடி ஹெட்டுக்கு வரும்போது மெஷின் தானாக நின்றுவிடும். நின்ற இடம்தான் சத்தத்தின் ஆரம்பம். யாரும் தேட வேண்டாம், பின்னால் சுற்ற வேண்டாம். இதற்கு மேல் 150 ஹெர்ட்ஸ் டோன் ஒன்று உண்டு, ஒரு கார்ட் முடிந்ததும் அடுத்த மெஷினைக் கிளப்பிவிட. 8,000 ஹெர்ட்ஸில் மூன்றாவது ஒன்றும் உண்டு, வேறு கருவிகளை இயக்க. எங்கள் நாடக வேலைக்கு முதல் பீப் ஒன்றே போதும்.

இங்கே ஒரு சிக்கல். கதவு தட்டுவது இரண்டு வினாடி, ஆனால் கையில் இருப்பது இருபது வினாடிக் கார்ட். ஒரு தடவை போட்டால் மிச்சம் பதினெட்டு வினாடி சும்மா ஓடி முடிந்தால்தான் அடுத்த தடவை. பொறுமையில்லாத மாமியார் அடுத்தடுத்துத் தட்டுகிற காட்சி என்றால் என்ன செய்வது? அதற்குத்தான் உங்கள் பெட்டியில் இருக்கும் "கதவு ஆறு தடவை". ஒரே கார்டில் மூன்று வினாடிக்கு ஒன்றாக ஆறு தட்டல், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பீப். தட்டினால் ஒன்று வரும், நிற்கும், மறுபடி தட்டினால் அடுத்தது வரும். உங்கள் பெரியப்பா வேலை தெரிந்தவர், அந்தச் சீட்டைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மழை, நீளம்" என்பது நேர்மாறான வேலை. அதில் அனேகமாகப் பீப்பே இருக்காது. பீப் இல்லாவிட்டால் கார்ட் நிற்காது, நீங்கள் நிறுத்தும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும், காட்சி பத்து நிமிஷம் போனாலும் மழை பெய்யும். ஆனால் சின்னக் கார்டில் மழையோ கூட்டமோ போடக்கூடாது. இருபது வினாடிக் கூட்டத்தில் ஒருவர் இருமினால், இருபது வினாடிக்கு ஒருமுறை அதே ஆள் அதே இருமல், மூன்றாவது தடவை வரும்போது கேட்பவர் கதையை விட்டுவிட்டு இருமலுக்குக் காத்திருப்பார். அதனால் நீளமான கார்ட் வேண்டும், அந்தச் சின்ன அளவுப் பெட்டியில் பத்தரை நிமிஷம் வரை சுற்றலாம். கூட்டத்தில் தனியாகக் காதில் விழும் எந்தச் சத்தமும் இல்லாத பகுதியாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் அதில் பாதி வேலை.

எதைக் கார்டில் போடுவது, எதைப் போடக்கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. காலடிச் சத்தம், டீ கப், காகிதம், வளையல், இதையெல்லாம் டேப்பில் போடுகிறவர்கள் சோம்பேறிகள் என்பேன். மைக் பக்கத்தில் ஓர் ஆள் சரளைக்கல் தட்டில் நடக்க வேண்டும், நடிகரைப் பார்த்துக்கொண்டே. நடிகர் ஒரு நொடி தயங்கினால் காலடியும் தயங்கும், டேப் தயங்காது. மழை, கடல், ரயில், கார், சந்தை, கோயில் மணி, இவை ஸ்டூடியோவுக்குள் வராது, இவைதான் கார்டுக்கு.

அப்புறம் விரல். பட்டனைத் தட்டியதும் சத்தம் வரும் என்றேன், ஆனால் காந்தம் உருளையைத் தூக்க ஒரு சின்னக் கணம் ஆகத்தான் செய்யும், விரலுக்கும் ஒரு கணம் ஆகும். நல்ல ஆபரேட்டர் வசனத்தின் கடைசி வார்த்தையைக் கேட்டுவிட்டுத் தட்டமாட்டார், நடிகரின் மூச்சைக் கேட்டே தட்டுவார். அதனால்தான் ஒத்திகையில் நாங்களும் வசனத்தை மனப்பாடம் செய்தோம், மேடை ஏறாத நடிகர்கள் நாங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இதற்கெல்லாம் இவ்வளவு மவுசு இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. உலகத்தில் பாதி நாடுகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது நமக்கு 1976 ஜனவரி 5-ம் தேதிதான் டிவி வந்தது. அதுவரை சாயங்காலம் என்றால் வானொலி நாடகம். 1950-ல் தொடங்கிய ஸ்பிரிங்பாக் ரேடியோ தொடர் தொடராகப் போட்டுத் தள்ளியது, டர்பனில் நம்ம ஆயாக்களும் ஆங்கிலம் பாதி புரிந்தும் புரியாமலும் அதைக் கேட்டார்கள். அது 1985 கடைசியில் மூடப்பட்டது. அதற்குள் 1983-ல் இந்தியர்களுக்கென்று டர்பனில் ரேடியோ லோட்டஸ் வந்துவிட்டது, தமிழும் அதில் ஒலித்தது. அப்பார்த்தைட் நிறவெறி அரசு எந்தக் கணக்கில் அதைத் தொடங்கியது என்பது வேறு கதை. ஆனால் தமிழில் வானொலிக்கு ஏதாவது செய்யலாம் என்று நினைத்தவர்களுக்கு ஒரு கதவு திறந்தது என்பதும் உண்மை.

தமிழ் நாடகத்துக்குச் சத்தம் தேடுவதுதான் வேடிக்கை. விற்பனைக்கு வரும் ஒலித்தட்டுகள் எல்லாம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பதிவானவை. அதில் சர்ச் மணி இருக்கும், கோயில் மணி இருக்காது. தஞ்சாவூர்க் கிராமத்துக் காலைப்பொழுது வேண்டுமென்றால் இங்கிலாந்துக் குருவி கத்தும். அதனால் தூக்கிச் செல்லும் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு நாமே போவோம். கடலுக்கு அலைச்சல் இல்லை, நார்த் பீச்சுக்கு விடியற்காலையில் போனால் போதும், அதுவும் இந்தியப் பெருங்கடல்தானே, நாகப்பட்டினம் என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள். கோயில் மணிக்கும் கூட்டத்துக்கும் பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில், தவிலுக்குக் காவடி. பறவைக்கு மைனா உதவியது, இந்தியாவிலிருந்து வந்து நம்மைப் போலவே இங்கே பெருகிவிட்ட பறவை அது. கெடுத்தது ஹாடீடா. நல்ல அமைதியான தோட்டமாகப் பார்த்து மைக்கை வைத்து ஐந்து நிமிஷம் மூச்சுவிடாமல் நின்றால், கடைசி நிமிஷத்தில் "ஹா-தீ-தா" என்று மூன்று பறவைகள் தலைக்கு மேலே கத்திக்கொண்டு போகும். ஆப்பிரிக்காவில் மட்டுமே இருக்கும் அந்தப் பறவை காவிரிக்கரையில் கத்தினால் சாட்ஸ்வொர்த் முழுக்கச் சிரிக்கும். ரயிலில் மட்டும் கொஞ்சம் ஏமாற்றினோம். நம்ம ரயில் பாதை 1,067 மில்லிமீட்டர், இந்தியாவில் அகலப் பாதை 1,676, தண்டவாளத் தட்டல் ஒன்றாக இருக்காது, ஆனால் வானொலியில் பாதையை அளக்க யாரும் வருவதில்லை.

கார்டின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒலித்தரத்தில் நல்ல ரீலுக்கு அது ஈடாகாது. ரீல் மெஷினில் டேப்பை உலோக வழிகாட்டிகள் நேராகப் பிடித்திருக்கும், இங்கே பிளாஸ்டிக் பெட்டியும் பஞ்சுத் திண்டும்தான் பிடிப்பு. ஸ்டீரியோவில் இது பெரிய தலைவலி. ஏழரை அங்குல வேகத்தில் 15,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை டேப்பில் எடுத்துக்கொள்ளும் இடம் ஒரு மில்லிமீட்டரில் எண்பதில் ஒரு பங்குதான். டேப் அவ்வளவு கொஞ்சம் சாய்ந்தாலே இடதும் வலதும் ஒன்றுக்கொன்று பிந்திவிடும், மோனோ ரேடியோவில் கேட்கும்போது இரண்டும் மோதி உச்ச ஒலிகள் காணாமல் போகும். நம்ம வீடுகளில் அன்றைக்கு இருந்தது பெரும்பாலும் மோனோ ரேடியோதான். அதனால் சத்தங்களை மோனோவில் வைத்திருந்தோம், நிம்மதி.

இன்னொன்று, ஒட்டு. டேப்பின் முனைகள் ஒட்டிய இடம் ஹெட்டைத் தாண்டும்போது ஒலி ஒரு கணம் விழும். அந்த ஒட்டு இடி நடுவில் வந்தால் இடி பிளந்துவிடும். அதனால் பதிவுக்கு முன் கார்டை ஓட்டி, ஒட்டு தாண்டியதும் நிறுத்தி, அங்கிருந்துதான் பதிவு தொடங்க வேண்டும். இதற்கென்றே ஒட்டைக் கண்டதும் தானாக நிற்கும் கருவி இருந்தது. பதிவுக்கு முன் பழையதை அழிக்க வேண்டும், பல மெஷின்களில் அழிக்கும் ஹெட் கிடையாது. மின்சாரத்தில் இயங்கும் பெரிய காந்தச் சுருள் ஒன்று மேஜையில் இருக்கும், அதன்மேல் கார்டை வைத்துச் சுழற்றி, மெதுவாகக் கையை நீட்டி விலக்கிக்கொண்டுபோய், தூரமாய்ப் போன பிறகுதான் சுவிட்சை விட வேண்டும். பக்கத்தில் இருக்கும்போதே விட்டால் சுற்றுக்குச் சுற்று "தொப், தொப்" என்று ஓர் அடி டேப்பில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் அந்த மேஜைக்கே போக வேண்டும்.

தொண்ணூறுகளில் எல்லாம் ஹார்ட் டிஸ்குக்கு மாறியது, மினிடிஸ்க் கொஞ்ச காலம் நடுவில் வந்து போனது. மெஷின்களைக் குப்பையில் போட்டார்கள், கார்டுகளையும்தான். உங்கள் பெரியப்பா எடுத்துவந்து வைத்திருந்தது பெரிய விஷயம்.

இனி எப்படிக் கேட்பது. ஓடுகிற கார்ட் மெஷின் ஒன்றைத் தேடி வாங்கலாம்தான், ஆனால் டர்பன் ஈரக்காற்றில் இத்தனை வருஷம் கிடந்த கார்டை நேரே மெஷினில் போடச் சொல்லமாட்டேன். உள்ளே இருக்கும் பஞ்சுத் திண்டு மக்கிப் பிசினாகியிருக்கும், பழைய ஒட்டு காய்ந்து விட்டுப்போகும், முதல் சுற்றிலேயே டேப் மெஷினுக்குள் போய்விடும். பாதுகாப்பான வழி டேப்பைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாதாரண ரீலில் சுற்றிக்கொள்வது.

மூடியை ஸ்க்ரூ பிடித்திருக்கிறதா, கொக்கி பிடித்திருக்கிறதா என்று பார்த்து மெதுவாகத் திறங்கள். சுருளை மட்டும் தூக்கிவிடாதீர்கள், சரிந்தால் அதோடு கதை முடிந்தது. டேப்பின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் அப்படியே மூடி வைத்துவிட்டு, டேப் பாதுகாக்கும் காப்பகத்தில் கொடுங்கள். சுத்தமாக இருந்தால், ஓடும் திசையில் கையால் மெல்ல இழுத்து ஒட்டைக் கண்டுபிடியுங்கள், அந்த இடத்தில் பிரித்துவிடுங்கள். சத்தம் ஒட்டுக்கு அப்புறம்தான் தொடங்கும் என்பதால் எதுவும் சேதமாகாது. இப்போது இரண்டு முனை கையில் இருக்கும். நடுவிலிருந்து வரும் முனையை விட்டுவிட்டு, வெளிச்சுற்றின் முனையைப் பிடித்து ரீலில் சுற்றுங்கள், சுழல்தட்டு தாராளமாகச் சுழலட்டும். இப்படி எடுத்தால் அடுக்குகள் உரசாது, அதோடு சத்தத்தின் கடைசி ரீலின் உள்ளே போய் ஆரம்பம் வெளியே நிற்கும், ரீல் நேரே போட்டு ஓட்டத் தயார். ஒன்றை மட்டும் கவனியுங்கள், கார்டில் ஒலி இருக்கும் பழுப்புப் பக்கம் வெளியே பார்க்கும், கிராஃபைட் பூசிய மங்கிய கறுப்பு உள்ளே. ரீலில் பழுப்பு உள்ளே இருக்க வேண்டும், சுற்றும்போது டேப்பை அரைத் திருப்பு திருப்பிவிடுங்கள்.

இணையத்தில் பழைய டேப் என்றாலே குறைந்த சூட்டில் அடுப்பில் வைக்கச் சொல்வார்கள். அது எழுபது எண்பதுகளின் சில ரீல் டேப்புகளில் பசை ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் நோய்க்கு மருந்து. கிராஃபைட் பூசிய கார்ட் டேப்பை அடுப்புப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

ஓட்டுவதற்கு ஏழரை அங்குல வேகமுள்ள, அரை டிராக் ஸ்டீரியோ ரீல் மெஷின் ஒன்று வேண்டும். இரவல் கேட்டால் பழைய இசைக்காரர்களிடம் இருக்கும். மோனோ கார்ட் என்றால் ஒரு சேனலில் சத்தம் கேட்கும், இன்னொன்றில் இடையிடையே பீப் கேட்கும், பயப்படாதீர்கள். வீட்டு உபயோகக் கால் டிராக் மெஷினிலும் கேட்கும், கொஞ்சம் மெலிவாக, இரைச்சலோடு. ஸ்டீரியோ கார்ட் ஏதாவது இருந்தால் அதற்கு மூன்று டிராக் ஹெட் வேண்டும், அதைத் தொடாமல் வையுங்கள். மெஷினில் ஒலிச் சமனுக்கு (ஈக்வலைசேஷன்) இரண்டு நிலை இருந்தால் முதலில் என்ஏபி, அதாவது அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கத்தின் அளவு, அதில் வைத்துக் கேளுங்கள்.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரண்டு சேனலையும் சேர்த்தே 24 பிட்டில் பதிவு செய்யுங்கள், பீப் சேனலை வெட்டி எறிந்துவிட வேண்டாம். ஆறு கதவில் எது எங்கே தொடங்குகிறது என்று அந்தப் பீப்தான் சொல்லும். ஒரு கார்டை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும், சீட்டு ஒட்டிய மூடியைப் போட்டோ எடுத்து அதே பெயரில் கோப்போடு வையுங்கள். வெட்டி எடுத்த ரீலுக்கு உள்ளேயும் ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிப் போடுங்கள். முதலில் கதவை எடுங்கள், அது கெட்டாலும் வேறு கதவைத் தட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். மேளம் கடைசியில், கை பழகிய பிறகு.